ஐநூற்று ஒன்றாவது யூனிட்

மேட்டுப்பாளையத்து ஏஜென்ட் லூர்துசாமி
எங்கள் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.
செல்போனைப் பார்த்தே சொன்னார்:
மூன்று கிலோவாட், நாளைக்குப் பன்னிரண்டு யூனிட்,
ஐந்தே வருடத்தில் போட்ட பணம் கைக்கு.

அது கீழே இருக்கிற சூரியன், என்றேன்.
மஞ்சூர்.
ஊர்ப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

துணி காய்ந்த நாளுக்கெல்லாம்
காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வருகிறேன்.
ஆனியில் நான்கு. ஆடியில் மூன்று,
அதிலும் ஒன்று பாதி வட்டம்:
சட்டை காய்ந்தது, ஜீன்ஸ் காயவில்லை.

கீசர்தான் குற்றவாளி என்கிறார் போஜன்,
முக்கால் மணி நேரம் குளித்துவிட்டு வந்து.
வெள்ளை அட்டையில்
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதியவருக்கு
டீயும் வர்க்கியும் கொடுத்தேன்.
அடுத்த தடவை ஐநூற்றொன்று.
அந்த ஒற்றை யூனிட் வந்த வழியே திரும்பி நடந்து
எரிந்து அணைந்த விளக்குகளுக்கெல்லாம்
விலையேற்றிவிட்டு வந்தது.

பள்ளத்தில் குந்தா அணை.
எங்கள் வெயிலைத் தின்ற மேகம்
அங்கேதான் இறங்குகிறது.
குழாயில் விழுந்து, சக்கரம் சுற்றி,
கோவையில் யார் வீட்டு ஏசியிலோ குளிர்ந்து,
மிச்சம் கம்பியேறி எங்களிடம் வரும்போது
கையில் பில் இருக்கிறது.

லிங்கி வீட்டில் போன வருடமே மாட்டிவிட்டார்கள்.
லாபமா?
"தையில கேளு, சொல்றேன்.
ஆடியில கேட்டா பேசமாட்டேன்."

தையில் போனேன்.
புல்லெல்லாம் உறைபனி, கருகிய தேயிலை,
ஒன்பது மணிக்கு ஒரு பொட்டு மேகமில்லாத நீலம்.
ஹீட்டர் அதிகம் தின்கிற மாதத்தில்தான்
வெயிலும் பாக்கி வைக்காமல் வருகிறது.
லூர்துசாமிக்கு இது தெரியாது.
பகலில் கம்பிக்குக் கொடுத்து
இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறாள் லிங்கி,
பக்கத்து வீட்டுக் கைமாற்றுச் சர்க்கரை மாதிரி.

எங்களுக்கு இன்னொரு சங்கடம்:
இரண்டரைக்கு மேல் கூரையில்
மேற்குத் தோட்டத்து சில்வர் ஓக்கின் நிழல்.
மரம் என்னுடையதில்லை.
வெட்ட வனத்துறைக்கு மனுப் போட வேண்டும்.
எனக்கும் மனமில்லை.

மூன்று வேண்டாம், இரண்டு போதும்,
கிழக்குச் சரிவில் மட்டும்.
வட்டியோடு சேர்த்தால் எட்டரை வருடம்.
போஜன் ஒன்பது என்கிறார்,
ஆலங்கட்டிக்கு ஆறு மாதம் கூட்டி.

பேனாவை எடுத்த மதியம்
மூட்டம் ஏறி வந்து ஜன்னலில் நின்றது.
லைட்டைப் போட்டுத்தான்
கையெழுத்தைப் போட்டேன்.