தொண்ணூற்றெட்டு

கோமாரியில் பஸ் விட்டுப்போனதும் சட்டம் தொடங்குகிறது:
வலது கைப்பக்கமாக நடக்க வேண்டும்.
ஒவ்வோர் ஐந்தாவது படலையையும் தட்ட வேண்டும்.
ஆள் இல்லையென்றால் ஆறாவது வீடு அல்ல,
அதே வீடு, பின்னேரம், இன்னொரு தரம்.
வெயிலைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை.

"நாடு சரியான திசையில் போகிறதா,
பிழையான திசையில் போகிறதா?"
கணவாய் கழுவிக்கொண்டிருந்த நேசமலர்
தலை நிமிர்த்தவில்லை.
"இந்த றோட்டால வடக்கே போனா அக்கரைப்பற்று,
தெற்கே போனா பொத்துவில்.
நாடு எந்த பஸ்ஸில ஏறினதெண்டு
எனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?"
தெரியாது. குறியீடு தொண்ணூற்றெட்டு.

அடுத்த படலையிலும் தொண்ணூற்றெட்டு.
அது வேறு தெரியாது:
கேள்வி முடியுமுன் உள்ளே ஓர் ஆண் இருமினான்.
அதற்கடுத்தது, அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற தெரியாது.
பிறகொன்று,
"எழுதி எங்க குடுப்பீங்க?" என்று
என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து
மெதுவாகச் சொன்ன தெரியாது.
டெப்லட்டில் எல்லாம் ஒரே சாம்பல் கட்டம்.

பன்னிரண்டாம் கேள்வியை
எப்போதும் கொஞ்சம் வேகமாகவே வாசிப்பேன்.
"மற்றச் சமூகத்தவர்களை எவ்வளவு நம்புகிறீர்கள்?
ஒன்று, கொஞ்சமும் இல்லை. ஐந்து, முழுமையாக."
குணரூபி ரீச்சர் என் முக்காட்டைப் பார்த்தார்.
எனக்குத் தந்த தேசிக்காய்த் தண்ணியைப் பார்த்தார்.
"ஐஞ்சு போடுங்க மகள்."
போட்டேன்.
அவர் பார்த்து முடிக்க எடுத்த நேரத்துக்குக்
கட்டம் இல்லை.

சிந்தாத்துரை வலை பொத்திக்கொண்டிருந்தார்.
ஊசியைப் பல்லில் கடித்தபடி,
"ஒண்டு."
பிறகு, "ஒண்டுக்குக் கீழ இருக்கா?"
இல்லை என்றேன்.
"அப்ப ஒண்டு. வடிவா அமத்துங்க."
விரல் வியர்த்திருந்தது,
இரண்டு தரம் அமத்த வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் எடுத்தார்.
"றிஸ்மியா, தொண்ணூற்றெட்டு கூடிப்போச்சு.
ஃபோமுக்குக் காசு வெட்டுவாங்க.
கிண்டிக் கேளுங்க."
சரி சேர் என்றேன்.
இந்தப் பக்கத்து மண்ணைக் கிண்டினால் என்ன வரும் என்று
அவர் யோசித்திருக்க மாட்டார்.

கடைசி வீடு முடிய இருட்டிவிட்டது.
முந்தின இரவு யானை வேலியை முறித்த ஒழுங்கை.
பின்னாலிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம்
என் காலடிக்கு முன்னே வந்து விழுந்தது.
ஆள் பத்தடி பின்னே, சிந்தாத்துரை.
"நடங்க. உங்களுக்கு ஒண்டு நடந்தா
மறுகா எங்கட ஊர்தான் பதில் சொல்லணும்."
பஸ் வரும்வரை
கடல் பக்கம் முகம் வைத்து நின்றார்.
நன்றி சொன்னேன்.
அதற்குப் பதில் இல்லை.

பஸ்ஸில் கடைசிப் பக்கம். எனக்கு மட்டுமான கேள்வி:
"பதிலளித்தவர் மனந்திறந்து பேசினாரா?
ஆம். இல்லை."
ரீச்சருக்கு ஆம் போட்டேன்,
தேசிக்காய் இன்னும் நாக்கில் இருந்தது.
சிந்தாத்துரைக்கு விரலை வைத்தேன்,
எடுத்தேன், வைத்தேன்.
பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.
எது அமத்துப்பட்டதென்று தெரியாது.
ஊறணியில் சிக்னல் வந்தது,
படிவம் போய்விட்டது.