பைய போட்டும்

ரெண்டாம் முங்கு முடிந்து ஏறும்போது
மணி மூன்றே கால்.
இருபத்திரண்டு மீட்டர் அடியில்
முழுகிக் கிடக்கும் பார்ஜில் மாட்டிய வலையை
அறுத்து அறுத்து விட்டதில்
கை இன்னும் நடுங்குகிறது.
விடியக்காலம் நாலரைக்குத்
திருவனந்தபுரத்திலிருந்து தம்மாமுக்கு பிளைட்.

முட்டம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து
விரல் மடக்குகிறேன்.
பதின்மூன்றே கால் வருகிறது.
பதினெட்டாவது வேண்டும்.

கொளச்சல் டிராவல்ஸ் கிளாட்சன் போனில்:
"காய்ச்சலா அண்ணே?"
இல்லை.
"வீட்டுல யாருக்கும்..."
இல்லை டே.
"பின்ன எதுக்கு ஒம்பதாயிரத்தைக் கடல்ல போடுதிய?"

என்ன சொல்ல.
ஆழத்தில் உடம்புக்குள் ஏறிய காற்று
கல்யாண வீட்டுச் சொந்தம் மாதிரி.
போயிட்டு வாறோம் என்று எழும்பும்,
வாசல்படியில் நின்று
இன்னும் ஒரு மணிக்கூர் பேசும்.
பிடித்துத் தள்ளினால்
மூட்டுக்கு மூட்டு சண்டை.

பைய போட்டும்.

டெல்பின் கட்டி வைத்த பெட்டியைத் திறந்து
ஒரேயொரு சட்டையை வெளியே எடுத்தாள்.
"ஒரு நாள்தானே" என்றாள்.
லாபமா நஷ்டமா
குரலில் தெரியவில்லை.
ராத்திரி நெத்திலிக் குழம்பில்
ரெண்டு மாங்காய்த் துண்டு கூடுதல்.

நாலே முக்காலுக்கு மொட்டைமாடியில் நிற்கிறேன்.
கலங்கரை விளக்கின் வெட்டம்
தென்னைகளைத் தடவிக்கொண்டு போகிறது.
வடமேற்கில், வெகு தூரத்தில்,
மினுக்கி மினுக்கி ஒன்று ஏறுகிறது.
அதுவாகவும் இருக்கலாம்.
இருபத்தாறு ஏ, ஜன்னல் சீட்.
பக்கத்து சீட்டுக்காரன் இந்நேரம்
காலை நீட்டியிருப்பான்.

எனக்குள்ளே எங்கேயோ
யாரோ இன்னும்
செருப்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.