காரணம் என்ற கட்டம்

டுலூத்தில், ஏரிக்காற்றும்
வாடிக்கையாளர்போல் கதவைத் தள்ளி உள்ளே வரும்
பழைய கேம் கடையில்
வாங்கும் கவுண்டர் என்னுடையது.
படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம்:
விற்கும் காரணம்.

முதல் டிசம்பரில் இதே கதவுக்கு வெளியே
விடியுமுன் வரிசை நின்றது.
பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கும் மார்லிஸ்,
பனி அள்ளும் லாரி ஓட்டும் லைல்,
அதுவரை எந்தக் கன்சோலையும் தொடாதவர்கள்,
ஒரே தெர்மோஸைக் கைமாற்றிக் குடித்தபடி.
கையை வீசினால் போதுமாம், பந்து உருளுமாம்.
அந்த ஒரு வாக்கியத்துக்காக நின்றார்கள்.
பெட்டியை வாங்கியதும் லைல்
பிள்ளை பிறந்தவர்போல் என் கையைக் குலுக்கினார்.

இப்போது அதே வெள்ளைப் பெட்டிகள்
மளிகைப் பைகளில் திரும்பி வருகின்றன.
வயர்கள் இடியாப்பச் சிக்கல்.
மணிக்கட்டுப் பட்டி உறை பிரிக்காமல்.
உள்ளே இருப்பது எப்போதும்
பெட்டியோடு சும்மா வந்த அதே தட்டு.

பழுதா என்றால், இல்லை.
பிடிக்கவில்லையா என்றால் பதறுகிறார்கள்:
ஐயோ, ரொம்பப் பிடிக்கும்.
கட்டத்தில் எழுதுவது மட்டும், இடமில்லை.

முதலாளி கோவல்சிக்குக்கு இதில் கொள்கைகள் உண்டு.
நல்ல கேம் வரவில்லை என்பார்.
எல்லார் பைக்குள்ளும் போன் வந்துவிட்டது என்பார்.
அடுத்த பெட்டிக்கும் அதே பெயரை வைத்து
வாலில் ஓர் எழுத்தை ஒட்டினான் பார், அதில் போச்சு என்பார்.
அது உண்மைதான்.
புதியதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு
"இது எங்களிடம் இருக்கிறதே" என்று
வைத்துவிட்டுப் போனவர்களை நானே எண்ணியிருக்கிறேன்.

ஆனால் ப்ரெய்டன் என்றொரு பையன் வருவான்.
மாதம் தவறாமல் தன் கறுப்புக் கன்சோலைச் சபிப்பான்,
அதைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் சபிப்பான்,
இரண்டு கேம் வாங்கிக்கொண்டு போவான்.
மார்லிஸ் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.
அங்கேதான் நான் விழித்திருக்க வேண்டும்.

குடியிருப்பவன்தான் கூரையைத் திட்டுவான்.
விருந்தாளி எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு
மணி பார்க்கிறார்.

போன வியாழக்கிழமை மார்லிஸ் வந்தார்.
ஆட வேண்டுமென்றால் கூடத்து மேசையை நகர்த்த வேண்டும், என்றார்.
முதல் மாதம் மேசை சுவரோரமே கிடந்தது.
பிறகு சனிக்கிழமைகளில் நகர்ந்தது.
பிறகு அதன்மேல் ஒரு மீன்தொட்டி வந்தது.
கரண்ட் போன ஒரு பனிப்புயல் இரவில்
ரிமோட்டின் பேட்டரிகள் டார்ச்சுக்குப் போயின.
கடனாகத்தான்.

ஓடுகிறதா என்று பார்க்க நான் பொத்தானை அழுத்தினேன்.
என்மேல் நீங்கள் கடைசியாக ஏறி நின்று
ஆயிரத்து அறுநூற்றுப் பதினொரு நாள், என்றது எடைப் பலகை.
"அவ்வளவா?" என்று சிரித்தார்.
காலணியைக் கழற்றப் போனவர் கழற்றவில்லை.

விற்குமுன் நினைவகத்தை அழிப்பது கடைச் சட்டம்.
திறந்தேன்.
திரையில் ஒரு வெள்ளை வெளி.
உருண்டைத் தலையோடு அவர்கள் வீட்டார்
அங்குமிங்கும் உலாத்திக்கொண்டிருந்தார்கள்.
மார்லிஸ், மகன்கள் இருவர், நாய்க்கென்று செய்த ஒரு முகம்,
இரண்டாம் வருடம் ஃபார்கோவுக்குப் போய்விட்ட டுவேன்,
மீசை குறையாமல்.
ரிமோட்டை உயர்த்தியதும்
எல்லாரும் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு பந்து," என்றார்.
பழைய கேம் அலமாரிகளுக்கு நடுவே
குளிர்கோட்டோடு கையை வீசினார்.
ஒன்பது விழுந்தது.
ஒன்று ஆடியது, ஆடியது, நின்றுவிட்டது.
"எப்போதும் இப்படித்தான்" என்று ரிமோட்டை நீட்டினார்.

அழிக்கவா என்றது. ஆம்.
நிச்சயமாகவா என்றது.
அவர் ஜன்னல் பக்கம், ஏரியில் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு டாலர்.
கையெழுத்திட்டு, கட்டத்தில் எழுதினார்: இடமில்லை.
பேச்சுக்காக, மீன்கள் எப்படி என்றேன்.
"அவை செத்து மூன்று வருஷம்" என்றார்
கையுறையை மாட்டிக்கொண்டே.
"தொட்டி இருக்கிறது."