கூடல்வாய்

பள்ளத்தூரில் எனக்குப்
பதினோரு வீட்டுக்காரர்கள்.
சென்னையில் நால்வர், கோவையில் மூவர்,
மதுரையில் இருவர், பினாங்கில் ஒருவர்,
மீதி ஒருவருக்குப் புதுவயலில் ஜெராக்ஸ் கடை.
மூன்றாங்கட்டின் இரண்டு அறைக்கு
எல்லாருக்குமாக ஒருவர் கையெழுத்திட்டார்:
"சிறு பழுது குடியிருப்பவர் பொறுப்பு,
பெரும் பழுது உரிமையாளர் பொறுப்பு."
எதுவரை சிறிது என்று
பத்திரம் சொல்லவில்லை.

குழாய்க்கு வாஷர் போட்டேன்.
கழிவறைத் தாழ்ப்பாளைக் கேட்க வெட்கப்பட்டு
நானே வாங்கினேன்.
மோட்டார் காயில் கருகியபோது
பாதி நீங்கள், பாதி நாங்கள் என்றார்கள்.
என் பாதியை மட்டும் கொடுத்துப் பார்த்தேன்,
மெக்கானிக் பாதி மோட்டார் மாட்டமாட்டாராம்.

ஐப்பசியில் கூடல்வாய்த் தகரம் கிழிந்தது.
இரண்டு சரிவு சேருமிடம்.
வடசரிவு சென்னைப் பங்கு,
தென்சரிவு கோவைப் பங்கு.
"சொட்டுவது அவர்கள் பக்கம்"
என்றது வாட்ஸப்பில் சென்னை.
"கிழிந்தது அவர்கள் பக்கம்" என்றது கோவை.
பினாங்கு கைகூப்பும் பொம்மை அனுப்பியது.
நைட் டூட்டி முடித்து வந்து
நனைந்த மெத்தையை நிமிர்த்திச் சாத்தினேன்.
மெத்தை யார் பங்கென்று
எவரும் கேட்கவில்லை.

கொத்தனார் ஆண்டிச்சாமிக்கு
மூவாயிரத்து நானூறு கொடுத்தேன்.
வாடகையில் கழிக்கிறேன் என்றதும்
பில் எங்கே என்றார்கள்.
அவரிடம் ஏது பில்?
சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தார்:
தகரம் 1450
ஓடு 450
ஆள் ரெண்டு 1500.
படமெடுத்து அனுப்பினேன்.
அரை மணியில் ஆறு பேர் விழித்துக்கொண்டார்கள்:
"முட்டைப்பூச்சுச் சுவரிலா கரி?"

ஞாயிற்றுக்கிழமை
டிவிஎஸ் ஃபிஃப்டியில் புதுவயல் சோலையப்பன்.
முந்நூற்றுப் பத்து ரூபாயை எண்ணி வைத்தார்.
"முந்நூத்தி ஒம்பது சொச்சம் என் பங்கு.
சில்லறை இல்லை, இருக்கட்டும் நர்ஸம்மா."
அண்ணாந்து பார்த்தார்.
இந்தக் கட்டுக்குள் வந்து
பதினெட்டு வருஷமாம்.
பத்திரத்தை நீட்டி, எதுவரை சிறிது என்றேன்.
"அது நம்ம கடையில அடிச்ச வரிதான்.
இந்த வட்டாரத்துக்கே அந்த ஒரே வரிதான்.
நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கும்
அதையே அடிச்சேன்.
அடுப்படி ரெண்டு வருஷமா ஒழுகுது.
சிறு பழுதுங்கிறார் வீட்டுக்காரர்."

காப்பி வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.
நோட்டில் எழுதினேன்:
வரவு 310.
பாக்கி 3090.
வாளியைக் கவிழ்த்துவிட்டேன்,
மெத்தை காய்ந்துவிட்டது.
சுவரை மட்டும் துடைக்கவில்லை.
இன்னும் பத்துப் பேர்
பார்க்க வேண்டியிருக்கிறது.