நீர்வேலி இறக்கம்

பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கோ என்றேன்.
"இலக்கம் வேண்டாம் டொக்டர்,
முப்பத்தொரு வருசம் மிச்சக்காசு எண்ணின வாய் இது.
ஊர்களைச் சொல்லுறன்" என்றார் ஏகாம்பரம்,
பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர்.
ஒட்சிசன் முகமூடிக்குள்
அவருடைய பகிடி ஆவியாய்ப் படிந்தது.

நல்லூர்.
இருபாலை.
கோப்பாய்.
நீர்

வேலி வரவில்லை.

ஞாயிறு விடியப்புறம், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்.
குடலிறக்கம் இறுகிக் கறுக்கத் தொடங்கியிருந்தது.
எக்கோ அறையின் திறப்பு
திங்கட்கிழமையிடம் இருந்தது.
குடலுக்குக் கிழமை தெரியாது.

ஊசிக்குள் இருந்தது வெள்ளை மருந்து.
தியேட்டரில் அதைப் பால் என்றுதான் சொல்வோம்.
"பால் குடுத்தாச்சோ?" என்று கேட்டா நேர்ஸ் யசிந்தா,
எல்லா இரவும் கேட்பதுபோல.
ஓம் என்றேன்.
சாகக்கிடப்பவரின் வாயில் பால் விடுகிற ஊரில்
எவ்வளவு லேசாய் வந்தது அந்த ஓம்.

அறுபது. நாற்பத்திரண்டு.
பிறகு மெஷின் இலக்கம் காட்டுவதை விட்டுக்
கோடுகளைக் காட்டியது.
நாங்கள் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம்,
நான், யசிந்தா, தள்ளுவண்டி மரியநாயகம்.
ஒரு விலா முறிந்தது
என் உள்ளங்கைக்கு முதலில் தெரிந்தது.
நாற்பத்தேழு நிமிடம்.
சத்திரசிகிச்சை நிபுணர் கையுறையோடு
கைகளை உயர்த்தியபடியே நின்றார்.
கத்தி இன்னும் தோலைத் தொட்டிருக்கவில்லை.
வயிற்றில் மஞ்சள் மருந்து மட்டும் காய்ந்திருந்தது.

ஆகவே இதில் பங்குக்கு யாரும் இல்லை.

வெளியே வாங்கில் தவமலர் இருந்தா,
அவருடைய கட்டுப்பல்லைக் கைலேஞ்சியில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு.
உள்ளே போகமுன் நாங்கள் கழற்றிக் கொடுத்தது.
சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.
அவ அழுவதற்கு முன் அதை நீட்டினா:
"போட்டு விடுங்கோ.
பல்லில்லாமல் ஒருத்தருக்கும் முகம் காட்டமாட்டார்."

போட முடியாது.
விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை
தொண்டைக்குள் குழாய் அப்படியே இருக்க வேண்டும்.
சட்டத்தைச் சொன்னேன்.
அவ தலையாட்டிவிட்டு
லேஞ்சியை மறுபடியும் சுற்றத் தொடங்கினா,
நாலு மூலையும் சரிபார்த்து, மெதுவாக.

மாதக் கடைசிக் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது.
இதயத்தில் இரைச்சல் ஏதும் கேட்டதா?
கேட்கவில்லை என்றேன்.
அன்றிரவு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது
என்பதையும் சொன்னேன், தேவையில்லாமல்.
மூன்று பெட்டிகள் உள்ள படிவத்தில்
'தீர்மானிக்க இயலாது' என்பதற்குச் சரி போட்டார்கள்.
அங்கே அது காதைப் பற்றிய பதில்.
வீட்டுக்கு வந்து தமிழில் நினைத்தபோது
வாயும் அதற்குள் வந்து இருந்துகொண்டது:
பஸ் படி ஏறினால் மூச்சு வாங்குமோ என்று
நான் அவரைக்
கேட்கவில்லை.

அந்த "நீர்" ஊர்தானா
என்னைத்தானா என்றும் சில நாள் யோசித்தேன்.
நித்திரை வராத ஆட்களின் யோசனை.

இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்.
பஸ் படி ஏறினால் மூச்சு வாங்குமோ அம்மா?
"நான் ஏன் பஸ்ஸில போறன்,
மகன் ஓட்டோ பிடிச்சுத் தருவான்"
என்றா ஒருத்தி, கோபமாக.
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஸ்கூட்டர் பழுதாகும் நாட்களில்
நானும் அந்த பஸ்ஸில்தான் நெல்லியடிக்குப் போகிறேன்.
கோப்பாய் தாண்டியதும் மிதிபலகையில் தொங்கியபடி
ஒரு பொடியன் கத்துவான்,
"நீர்வேலி இறங்கிற ஆக்கள்!"
முழுதாகச் சொல்கிறான்.
இன்று ஒருவர் கடகத்தோடும்
வெறும் வாழைநார்க் கட்டோடும்
பின் இருக்கையிலிருந்து வர நேரமெடுத்தது.
பஸ் நின்றது.
ஒருத்தரும் அவரை அவசரப்படுத்தவில்லை.