இணைப்பு ஏழு

தஞ்சானியா என்கிறார்,
தஞ்சாவூருக்குச் சித்தே அந்தாண்டை இருப்பதுபோல.
தான்சானியா என்று தட்டுகிறேன்.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
ரிக் ஆபீஸ்களுக்கு நடுவே என் ஜெராக்ஸ் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்.
மழை பெய்தால் பிரிண்டருக்குக் காய்ச்சல்.

போர் வண்டி போன மாசமே கப்பலேறிவிட்டது.
வண்டியைப் பார்த்து
திரும்பி வருவாயா என்று யாரும் கேட்கவில்லை.

பெயர்: அர்த்தநாரி.
குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்
திரை சிவக்கிறது, அடுத்த பக்கம் திறப்பதில்லை.
அப்பா பேரைப் போடட்டுங்களா?
"அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லீங் அம்மிணி.
செரி, போடுங்."
இனி ரெண்டு வருசம் அந்த ஊரில்
எவன் கூப்பிட்டாலும் நல்லமுத்து என்றுதான் கூப்பிடுவான்.
இவர் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

பாலினம்: ஆணா, பெண்ணா.
ரெண்டு பேருமே ஒரு தடவை
ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தோம்.
ஆண் என்று அமுக்கினேன்.

தொழில்?
"போர் போடறதுங்."
பட்டியலில் அது இல்லை.
சமையல் இருக்கிறது, சலவை இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது.
சுரங்கம் போடட்டுமா என்றால் யோசிக்கிறார்.
"அவுங்க உள்ள இருக்கறதை எடுத்துட்டுப் போறவிங்க.
நாங்க ஓட்டையை மட்டும் போட்டுட்டு வந்துருவமுங்."
சுரங்கம்.

அனுபவம் எத்தனை வருசம்?
வருசம் தெரியவில்லை, அடி தெரிகிறது.
சத்தீஸ்கரில் ஒரு ராத்திரி நாற்பத்தஞ்சு ராடு,
ராடு ஒன்றுக்கு இருபதடி.
மகள் பிறந்தது ஒடிசா கேம்ப்பில் இருந்தபோது;
மகளுக்கு இப்போது பதினொன்று.
நானே கூட்டிப் பதினாலு என்று போட்டேன்.

முதல் தடவை மறுத்த கடிதம் ஒரே ஒரு வரி.
திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை.
தமிழில் சொன்னேன்.
"நான் வரமாட்டேன்னு அவுங்ககிட்ட ஆருங் சொன்னது?"
நிஜமாகவே ஒரு ஆளைத் தேடுகிறவர்போலக் கேட்டார்.

அதனால்தான் இந்தத் தடவை
உரக்கம்பெனிப் பை நிறையக் காகிதம்.
ரேசன் கார்டு. கல்யாணப் பத்திரிகை.
மகள் கவினிலாவின் பள்ளிக்கூட ரசீது.
மல்லசமுத்திரத்துக்குப் பக்கம் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா.
அதில் இவரே இறக்கிய போர்,
ஆயிரத்து நூறடி,
கடைசி ராடு வரைக்கும் புகை.
"தண்ணியில்லாத காடு செல்லுங்களா?"
செல்லும். தூதரகத்தில் மோட்டார் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

பைக்கு அடியில் ஒரு நோட்டு.
"அது வேண்டாமுங், தப்பா வந்துருச்சு"
என்று இழுத்தார். நான் விடவில்லை.
அஞ்சு லட்ச ரூபாய்ச் சீட்டு.
மூணாம் மாசமே தள்ளி எடுத்தாச்சு.
பாக்கி பதினேழு தவணை.
ஜாமீன் கையெழுத்து: மனைவி சுகந்தாமணியின் தம்பி.

பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போனவனைப் பார்த்திருக்கிறேன்.
காடு தோட்டம் போனால் போகட்டும் என்றவனையும்.
மச்சினனை ஜாமீன் வைத்துவிட்டு
எவன் போவான்?

ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தேன்.
மூடிக்குக் கீழே வெளிச்சம் நகர்வதை
கம்ப்ரசர் மீட்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இணைப்பு ஏழு: இதர ஆவணம்.
விளக்கம் கேட்கிற இடத்தில்
சொந்த ஊரோடு உள்ள பிணைப்பு என்று
இங்கிலீஷில் எழுதினேன்.
அதற்கு நான் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் சீட்டுக் கம்பெனி ஓனர் வந்தார்.
கார் இஞ்சினை அணைக்கவில்லை.
"அர்த்தநாரி அப்ளிகேசன் ஒரு காப்பி வேணுமுங்.
திரும்பி வருவானுங்களா?"

அதே கேள்வி. அதே மாதிரி,
பதிலை நான் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதுபோல.

பேப்பர் சிக்கிக்கிச்சுங், நாளைக்கு வாங்க என்றேன்.
வெளியே மழை இல்லை.