கடிகாரம் பின்போன ஞாயிறு

நேற்றிரவு நாட்டின் கடிகாரங்களெல்லாம்
ஒரு மணி நேரம் பின்னால் போயின.
கிளுவைகளுக்கு யாரும் சொல்லவில்லை.
மறைகுடிலின் பலகையை நாங்கள் தூக்கும் முன்பே
அவை மேய்ந்து முடித்து
அலகை முதுகில் செருகியிருந்தன.

செங்கல்லுக்கு மண் வெட்டிய குழிகள் இவை.
ஹம்பர் கரை ஊரின் சுவர்கள் எல்லாம்
இங்கிருந்து எழுந்து போனவை.
போன இடத்தில் தண்ணீர் வந்து குந்திக்கொண்டது.

குவெண்டா எண்ணுகிறாள்.
கட்டைவிரலடியில் எண்ணுமானி: டிக், டிக்.
ஆள்காட்டிகள் இருநூற்றுப் பதினொன்று,
பன்னிரண்டு,
நாணல்மேல் தாழ்ந்து வருகிறது ஒரு சேற்றுப் பருந்து,
சாவியைத் தொலைத்தவள்போல, ஆனால் அவசரமில்லாமல்.
அவ்வளவுதான்.
சேறு முழுதும் எழுந்துவிட்டது.
கருப்பு, வெள்ளை, கருப்பு,
ஈரத்துணி உதறிய சத்தம்.
குவெண்டா ஒரு கெட்ட வார்த்தையை
தேவாலயத்தில் சொல்வதுபோல் மெல்லச் சொல்லி
எண்ணுமானியைப் பூஜ்யத்துக்குத் திருகினாள்.

மதியம் மேற்குக் குளம்.
ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது, நடந்தோம்.
பம்பு அறைச் சுவரில் ஐவி பூத்திருந்தது,
ஊரே சாத்திய பின்னும் திறந்திருக்கும் ஒற்றைக் கடையாக.
தேனீக்கள், ஈக்கள், இறக்கையில் பாதியை
யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த ஒரு பட்டாம்பூச்சி.
சுவர், பழைய குளிர்பெட்டி மாதிரி முனகியது.

அங்கே ஐந்து பேர், ஐந்து தொலைநோக்கி.
சைபீரியாவிலிருந்து வழிதவறிய கதிர்க்குருவியாம்,
விரல் நீளம், பழுப்பு,
காலை ஏழுக்கு லெஸ்டர் பார்த்தாராம்
(பழைய ஏழா, புதிய ஏழா என்று ஒரு வழக்கு நடந்தது).
நான் வெளியே பலகைப் பாதையில் உட்கார்ந்தேன்.

ஒரு சிவப்புத் தட்டான் என் முழங்காலில் இறங்கியது.
என்னையல்ல,
வெயில் ஏறிய கறுப்புக் கால்சட்டையைத்தான் அதற்குத் தேவைப்பட்டது.
தலையைத் திருகி வானத்தைப் பார்க்கும்,
எகிறும்,
ஒரு கொசுவோடு திரும்பும்,
அதே மடிப்பில்.

உள்ளே யாரோ "அதோ!" என்றார்கள்.
ஐந்து நாற்காலியும் ஒன்றாகக் கிறீச்சிட்டன.
கால் மரத்துப்போயிருந்தது,
எழவில்லை.
மரத்துப்போகாவிட்டாலும், தெரியவில்லை.

நாலரைக்கே வெயில் கரையேறிவிட்டது.
குடிலின் பதிவேட்டில்
தேதி, இனம், எண்ணிக்கை, இடம் என்று கோடுகள்.
ஐந்து கையெழுத்தில் ஒரே குருவி.
கீழே நான் எழுதினேன்:
சிவப்புத் தட்டான். ஒன்று. முழங்கால்.

குவெண்டா படித்தாள்,
சிரிக்கவில்லை,
பேனாவை வாங்கி, முழங்காலுக்கு முன்னால்
நெருக்கியடித்து ஒரு சொல் சேர்த்தாள்:
இடது.